ஆமையின் இருபது ஓவர்

இறுதிப் போட்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தபோது, கணினித் திரையில் ஒரே எண் இரண்டு வரிகளில் இருப்பதை அவள் பார்த்தாள்.

மேல் வரியில் அடிதடி. கீழ் வரியில் ஆமை. ஒரு பந்துக்கு எத்தனை ஓட்டம் என்று காட்டும் கட்டத்தில் இருவருக்கும் ஒரே எண். தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கமும் ஒன்றாக இருந்தன. அவள் இயற்பியல் படித்தவள். இரண்டு மனிதர்களை அளந்தால் நான்காவது இலக்கம் வரை ஒன்றாக வராது என்று அவளுக்குத் தெரியும். ஒரே மனிதனை இரண்டு தடவை அளந்தாலே வராது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மாறவில்லை.

அந்த வானொலி நிலையம் ஒரு வணிகக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. கீழே பல் மருத்துவர், அவருக்குக் கீழே செருப்புக் கடை. நிலையத்தை மூடிவிடலாமா என்று முதலாளிகள் பேசத் தொடங்கிய சமயத்தில் தயாரிப்பாளர் ஒரு யோசனை சொன்னார். எல்லாக் காலத்துக்குமான மூன்று கிரிக்கெட் அணிகள். ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஒன்று, ஒரு நாள் ஆட்டத்துக்கு ஒன்று, இருபது ஓவருக்கு ஒன்று. நேயர்கள் வாக்குப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு மூன்று அணிகளும் மூன்று வகை ஆட்டங்களிலும் மோதும். கணினி பந்து போடும். வர்ணனையாளர் அதை நிஜ ஆட்டம் போலச் சொல்லுவார்.

பெயரைச் சொன்னால் ஆளாளுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று வக்கீல் பயமுறுத்தியதால் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தார்கள். அடிதடி, புகை, தபால்காரர், ஒட்டடைக்குச்சி. யார் யார் என்று நேயர்களுக்கு விளக்கத் தேவைப்படவில்லை. ஆமைக்கு மட்டும் புதிதாகப் பெயர் வைக்கவில்லை. ஐம்பது வருடமாக அவருக்கு அந்தப் பெயர்தான்.

ஐந்து நாள் அணியின் தொடக்க ஆட்டக்காரர் அவர். நின்றால் நின்றதுதான். அந்த அணி முதன்முதலாக இருபது ஓவர் ஆட்டம் ஆடப் போனபோது, எவ்வளவு கேவலமாகத் தோற்கும் என்று கேட்கத்தான் எல்லோரும் வானொலியைத் திறந்தார்கள். அவள் ஒவ்வொரு பந்துக்கும் கணினியின் விசையைத் தட்டினாள். திரையில் நான்கு என்று வந்தது. மறுபடி நான்கு. பிறகு ஆறு. வெண்கலம் என்று எல்லோரும் கூப்பிடும் வர்ணனையாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தினார்.

"ஓட்டுக்குள்ளேர்ந்து தலைய நீட்டிட்டாருய்யா!"

அடுத்த வாரம் அந்த வாக்கியம் பேருந்துகளில் கேட்டது. செருப்புக் கடைக்காரர் வாசலில் அட்டை ஆமை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு நாள் அணியும் ஆமையிடம் அடி வாங்கிக்கொண்டு போனது. கடைசி ஆட்டம் எந்த வகையில் நடக்க வேண்டும் என்று நேயர்களைக் கேட்டபோது, இருபது ஓவர் என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். நிலையத்தை மூடும் பேச்சு நின்றுபோனது.

இன்றைக்கு அந்த இறுதிப் போட்டி. ஆமையே விருந்தினராக வருகிறார்.

கணினியில் சில கணக்குகளை ஓட்டிப் பார்த்துவிட்டு அவள் எழுந்து ஒலிப்பதிவு அறைக்குப் போனாள்.

தயாரிப்பாளர் மண்டியிட்டு ஒரு நாற்காலியின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அவர் அவளுடைய அக்காவின் கணவர். அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவர். வீட்டிலும் நிலையத்திலும் அவளுக்கு அவர் மாமாதான்.

"மாமா, ஒரு நிமிஷம்."

"அரை நிமிஷம்கூட இல்ல குட்டி. இது சுத்துது பாரு. பெரியவர் உக்காந்தார்னா அப்படியே சுத்திட்டுப் போய் சுவரைப் பாத்துப் பேசிட்டிருப்பாரு."

"ஆமைக்குப் போட்டிருக்கற நம்பர் அவரோடது இல்ல."

"அப்போ யாரோடது?"

"அடிதடியோடது."

அவர் சக்கரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். ஐந்து நாள் ஆட்டத்துக்குக் கணினி நிமிடக் கணக்கைப் பார்க்கிறது. இருபது ஓவருக்குப் பந்துக் கணக்கு வேண்டும். ஆமை ஆடிய காலத்தில் ஒருவர் எத்தனை பந்து ஆடினார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பட்டியலில் தொடக்க ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். ஆமைக்கு நேர் மேலே அடிதடி. யாரோ மேல் வரியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

"யாரு இழுத்ததுன்னுதான் தெரியல" என்றாள்.

மாமா தரையிலேயே உட்கார்ந்தார்.

"நான்தான்."

"மாமா!"

"நீ சேர்றதுக்கு முந்தின வாரம். மெஷினு அந்த இடத்துக்கு வந்ததும் நின்னுடுச்சு. சிவப்பா ஏதோ காட்டுச்சு. அரை மணி நேரத்துல ஒத்திகை. ரேடியோல ஒரு நொடி சும்மா இருந்தா என் நெஞ்சு நின்னுடும், உனக்குத் தெரியும். காலி இடம்னா எதையாவது போட்டு ரொப்பிடணும். பதினெட்டு வருஷப் பழக்கம். அப்பறமா சரி பண்ணிக்கலாம்னு நினைச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் அவரு ஆறு அடிச்சிட்டாரு."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அவளுக்கு வரவில்லை. அவருக்கும் அது நிலைக்கவில்லை.

"சரியான நம்பர் என்ன?"

"சரியான நம்பரே கிடையாது மாமா. யாரும் எண்ணல."

"அப்போ அவரு மெதுவா ஆடினாருன்னு மட்டும் உனக்குத் தெரியுமா?"

"நிமிஷக் கணக்கு இருக்கு. அதை வெச்சுத் தோராயமா ஒரு நம்பர் போட்டு இருபது தடவை ஓட்டிப் பாத்தேன்."

"என்ன ஆச்சு?"

"எந்தத் தடவையும் முப்பதைத் தாண்டல."

மாமா நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவைச் சாத்தினார்.

"இதோ பாரு. இது நிஜ மேட்ச் இல்ல. செத்தவங்களும் இருக்கறவங்களும் ஒரே டீம்ல ஆடறாங்க. கற்பனைல என்ன பொய், என்ன நிஜம்?"

"மேட்ச்தான் கற்பனை. வரப்போற ஆளு நிஜம்."

"அதனாலதான் சொல்றேன். எண்பது வயசாகுது அவருக்கு. ஐம்பது வருஷமா ஊரே சிரிச்ச மனுஷன். இன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா உக்காந்துட்டுப் போகட்டும். நாளைக்குக் காலைல நானே அவரு வீட்டுக்குப் போயி, கால்ல விழுந்தாவது சொல்லிடறேன். சத்தியம்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரிடமாவது ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தால் அவளுக்கு வார்த்தை வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் மதிப்பெண் இழந்தவள்.

"வாய விட்டு மாட்டிவிட்டுடாத குட்டி. உங்க அக்கா முகத்த நினைச்சுப் பாரு."

"நாளைக்குக் காலைல" என்றாள்.

"நாளைக்குக் காலைல, முதல் வேலை" என்றார் அவர்.

ஆமை குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் ஏறி வந்து, வரவேற்பறைச் சுவரில் கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். உயரமான மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஆமை நாலு மாடி ஏறிடுச்சு. எத்தனை நிமிஷம்னு யாராவது குறிச்சு வெச்சீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிம்மா, தப்பில்ல. அந்தப் பேரைச் சொன்னா எனக்குக் கோவம் வராது. ஆமைக்காவது முதுகுல ஓடு இருக்கு. எனக்கு அதுவும் இல்ல." அவர் உட்கார்ந்தார். "நீ இங்க என்ன வேலை பாக்கற?"

"கம்ப்யூட்டர்ல... அந்த மெஷினை நான்தான் ஓட்டறேன்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நீதானா! உன்னைத்தாம்மா பாக்கணும்னு வந்தேன். உக்காரு. அது எந்த ஆட்டத்தப் பாத்து என்னை இப்படிச் சொல்லுது?"

"எல்லா ஆட்டத்தையும்..." என்று ஆரம்பித்தாள். வாக்கியம் அங்கேயே நின்றது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. தன் வலது கையைத் தானே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒரு ஆட்டம் சொல்றேன் கேளு. அஞ்சாவது நாள், சாயங்காலம். ஜெயிக்கறதுக்கு நூத்திப்பத்து வேணும். கைல விக்கெட் இருக்கு, நேரம் இருக்கு. கேப்டன் தண்ணி கொண்டுவர்ற பையன்கிட்ட சொல்லி அனுப்பறான். 'ஜெயிக்க வேணாம், ஆட்டத்தக் காப்பாத்தினா போதும், அடிக்காதே.' நான் அடிக்கல. நின்னேன். கூட்டம் கை தட்டுச்சு. எப்படித் தட்டுச்சு தெரியுமா? மெதுவா, கேலியா. எல்லாரும் சேந்து, ஒவ்வொண்ணா. மறுநாள் பேப்பர்ல ஒரு ஆமை, பேட்டைப் பிடிச்சிட்டு. அதுக்கப்பறம் என்னை ஒரு ஆட்டத்துக்கும் எடுக்கல."

"கேப்டன் ஒண்ணும் சொல்லலையா ஐயா?"

"'அவரு ஆட்டம், அவரு இஷ்டம்'னு பேப்பர்காரங்ககிட்டச் சொன்னான். நானும் வாயைத் திறக்கல. ஏன் தெரியுமா? அவன் அடின்னு சொல்லியிருந்தாலும் என்னால முடிஞ்சிருக்காதுன்னுதான் நானே நினைச்சேன். அப்பறம் எதுக்கு அவன்மேல பழி? இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஐம்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கும் வாரா வாரம் ரெண்டு பேரும் போன்ல பேசறோம். என் பொண்டாட்டி போனப்ப ராத்திரி பூரா என் பக்கத்துல உக்காந்திருந்தவன் அவன்தான். அவன் பொண்ணு என்னைப் பெரியப்பான்னுதான் கூப்பிடும்."

அவர் நிமிர்ந்தார். கண்கள் பளபளத்தன.

"இப்ப உன் மெஷின் சொல்லுது. முடிஞ்சிருக்கும்னு. நான் அடிச்சிருப்பேன்னு. அப்போ அவன்தானே என்னைக் கெடுத்தான்? அவன் கெடுத்துட்டு, ஐம்பது வருஷமா என்கிட்டச் சிரிச்சுப் பேசிட்டிருக்கான். இன்னிக்கு ரேடியோல சொல்லப்போறேன். பேரைச் சொல்லி."

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"ஐயா, அதை இன்னிக்கே சொல்லணுமா?"

"நாளைக்கு நான் இருப்பேனா? நீ கேரண்டி குடுப்பியா?"

"இல்லைங்கய்யா, அந்த மெஷின்..."

கதவு திறந்தது. மாமா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே வெண்கலம். "நடமாடும் சரித்திரமே, வாங்க!" என்று அந்தக் கட்டடம் அதிரக் கூப்பிட்டபடி பெரியவரை அணைத்துக் கூட்டிப்போனார். பெரியவர் திரும்பிப் பார்த்து, அவள் சொல்ல வந்ததைப் பிறகு கேட்பதாகக் கையசைத்தார்.

அவள் மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்படி அவள் செய்ததே கிடையாது.

"நாளைக்கு வரைக்கும் தாங்காது மாமா." கேப்டன் விஷயத்தைச் சொன்னாள்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "விளம்பரம் ஓடிட்டிருக்கு. முடிஞ்சா நேரா நாமதான்."

"இப்பவே அவரைத் தனியாக் கூட்டிட்டு வாங்க. நான் சொல்றேன்."

"சொன்னா அவரு அப்படியே படியிறங்கிப் போயிடுவாரு. கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? வெண்கலத்துகிட்டச் சொல்லிடறேன். கேப்டன் பேச்சு வந்தா மாத்திடுவாரு. பேச்ச மாத்தறதுல அவரை அடிச்சிக்க ஆளே கிடையாது."

"மாத்த முடியலைன்னா?"

"முடியும். நீ போய் உக்காரு."

ஒலிப்பதிவு அறையில் ஒரு நீள மேசை. ஒரு முனையில் வெண்கலம், நடுவில் பெரியவர், மறுமுனையில் கணினியோடு அவள். ஒலிவாங்கி இரண்டுதான். அவளுக்குக் கிடையாது. அவள் கேட்டதும் இல்லை. மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். சுழலும் நாற்காலியைச் சரிசெய்ய முடியாமல், பெரியவருக்குத் தன் அறையிலிருந்த மர நாற்காலியைப் போட்டிருந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னிக்கு ரெண்டு காலம் மோதுது!" என்று வெண்கலம் ஆரம்பித்தார். "ஒரு பக்கம் அஞ்சு நாள் நின்னு விளையாடறவங்க. இன்னொரு பக்கம் அஞ்சு நிமிஷத்துல ஊரைக் கொளுத்திட்டுப் போறவங்க. ஐயா, உங்களைக் கேக்கறேன். ஒரே ஆளு மூணு வகை ஆட்டத்துலயும் பெரிய ஆளா இருக்க முடியுமா?"

"போன மாசம் கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப எனக்கே என்னைப் பத்தி ஒண்ணும் தெரியல போலருக்கு."

வெண்கலம் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "போடும்மா டேட்டாம்மா, முதல் பந்து!"

அவள் விசை மேல் விரலை வைத்தாள். பந்து வீசுவது புகை. எதிரில் ஆமை. அந்த எண்ணை இப்போதுகூட மாற்ற முடியும். மாற்றி எதைப் போடுவது? அவளுடைய தோராயமும் எண்ணாத ஒன்றைப் பற்றிய ஊகம்தான். ஒரு பொய்க்குப் பதில் இன்னொரு பொய். தட்டினாள்.

நான்கு.

"புகை ஓடி வராரு, அளவு குறைஞ்ச பந்து, பின்னங்கால்ல போயி, சும்மா ஒரு வெட்டு! கதவைத் திறந்து விட்ட மாதிரி போகுது எல்லைக்கு!"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். மேசைக்குக் கீழே அவருடைய இரண்டு மணிக்கட்டும் மட்டையைப் பிடித்ததுபோலத் திரும்பியதை அவள் பார்த்தாள்.

ஓட்டமில்லை. ஒன்று. நான்கு. ஆறு. அவள் ஒவ்வொரு பந்தாகத் தட்டத் தட்ட, பெரியவரின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. ஆட்டமிழக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கணினி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆமை ஐம்பதைத் தாண்டினார். எழுபதைத் தாண்டினார். வெண்கலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஐயா, இந்த மாதிரி ஒரு அடி அன்னிக்கு அடிச்சிருந்தா..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் காற்றில் போனது போனதுதான்.

"அடிச்சிருப்பேன்" என்றார் பெரியவர். "அடிக்க விடல."

"அடுத்த பந்து பாப்போம்! டேட்டாம்மா..."

"இருங்க. ஐம்பது வருஷமாச் சொல்லாதத சொல்லிக்கறேன்."

"சொல்லலாம் ஐயா, தாராளமாச் சொல்லலாம். அதுக்கு முன்னாடி, உங்க காலத்துல பேட் எவ்வளவு எடை இருக்கும்?"

"பேட்டு எடை கிடக்கட்டும். எங்க கேப்டன்தான் என்னை அடிக்காதேன்னு சொன்னது. சொல்லிட்டு, நான் சொல்லலைன்னு பேப்பர்ல சொன்னதும் அவன்தான்." பெயரைச் சொன்னார். ஊருக்கே தெரிந்த பெயர். "எனக்கு வந்த அவமானம் பூரா அவனோடது. என் கூட்டாளி. அவன்தான் என் ஆட்டத்தத் திருடினான். இனிமே அவன் எனக்கு போன் பண்ண வேணாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பாட்டைப் போட்டார்.

பாட்டு ஓடியது. வெண்கலம் பெரியவருக்குத் தண்ணீர் ஊற்றினார். பெரியவர் குடித்துவிட்டு லேசாகச் சிரித்தார். நீண்ட நாள் வலித்த பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் போல இருந்தார்.

தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரிந்தன. மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றை எடுத்ததும் அவர் நின்ற இடத்திலேயே திரும்பி அவளைப் பார்த்தார். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"கேப்டனோட பொண்ணு. ரேடியோல பேசியே ஆகணும்னு சொல்லுது. எல்லார் முன்னாடியும் சொன்னாரில்ல, எல்லார் முன்னாடியும் கேக்கறேன்னு."

"குடுக்காதீங்க" என்றார் வெண்கலம், குரலைத் தாழ்த்தி.

"குடுங்க" என்றார் பெரியவர். "அது கேக்கட்டும். அதுக்கும் தெரியணும்."

மாமா தயங்கினார். "தலைக்கு மேல போயாச்சு, இனிமே சாண் என்ன முழம் என்ன" என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பாட்டு அடங்கியது. விளக்கு எரிந்தது.

"பெரியப்பா" என்றது ஒலிபெருக்கி. நடுத்தர வயதுப் பெண்ணின் குரல். "நீங்கதானே பேசினீங்க? வேற யாரோ இல்லையே?"

"நான்தாம்மா."

"அப்பா ரேடியோவை அணைச்சிட்டாரு. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வெச்சிட்டு உள்ள போயிட்டாரு. கதவைத் தட்டினா பதில் இல்ல."

பெரியவரின் தாடை அசைந்தது. தம்ளரை எட்டி எடுத்தார்.

"அப்பா அடிக்காதேன்னு சொல்லி அனுப்பினது நிஜம் பெரியப்பா. பேப்பர்ல மறைச்சதும் நிஜம். இது எனக்கு சின்ன வயசுலேர்ந்து தெரியும். அவரே சொல்லியிருக்காரு. ஆனா ஏன் அப்படிச் சொன்னாருன்னும் சொல்லியிருக்காரு. 'அவனால அடிக்க முடியாது, அடிக்கப் போனா அவுட் ஆவான், மேட்ச்சும் போகும், பழியும் அவன்மேல விழும்'னு. உங்களைக் காப்பாத்தறதா நினைச்சுத்தான் சொன்னாரு. மறைச்சது தப்புதான். அதுக்குத்தான் ஐம்பது வருஷமா உங்க பக்கத்துலயே இருக்காரு. இப்ப மட்டும் திருடன்னு ஏன் சொல்றீங்க பெரியப்பா? அந்த மெஷின் சொன்னதாலயா?"

"ஆமாம்மா" என்றார் அவர். குரல் நடுங்கியது. ஆனாலும் விடவில்லை. "அவன் நினைச்சது தப்பு. என்னால முடியும். மெஷினுக்கு என் மேல பாசமா, பகையா? அது ஏன் பொய் சொல்லப் போவுது?"

"மெஷினுக்கு எங்க அப்பாவைத் தெரியுமா பெரியப்பா?"

"என் ஆட்டத்தத் தெரியும். அது போதும்."

"அப்போ எந்த ஆட்டத்தப் பாத்து அப்படிச் சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் போய்க் கதவுகிட்ட நின்னு அப்பாகிட்டச் சொல்றேன். நீங்க தப்பு பண்ணிட்டீங்கப்பா, மன்னிப்புக் கேளுங்கன்னு சொல்றேன். சொல்லிடறேன் பெரியப்பா. என்னன்னு சொல்லணும், அதை மட்டும் சொல்லுங்க."

வெண்கலம் வாயைத் திறந்தார். முப்பது வருடமாக வார்த்தைக்குத் தவிக்காத மனிதர். மூடிக்கொண்டார்.

பெரியவர் மர நாற்காலியில் மெதுவாகத் திரும்பினார். அவளைப் பார்த்தார்.

"இதோ, இந்தப் பொண்ணுதான் மெஷினை ஓட்டுது. படிச்ச பொண்ணு. நான் சொன்னா நம்ப மாட்ட. அது சொல்லும், கேட்டுக்கோ." தன் ஒலிவாங்கியைக் கழுத்தைப் பிடித்து மேசையின் மேல் தள்ளினார். அது தேய்ந்துகொண்டு வந்து அவளுடைய விசைப்பலகையில் முட்டி நின்றது. "பயப்படாம சொல்லும்மா. என்னோட எந்த ஆட்டத்தப் பாத்து அப்படிச் சொல்லுச்சு?"

அவள் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். மாமா கையை ஆட்டி வேண்டாம் என்றார். பாட்டுக்கான பொத்தான் அவருடைய இன்னொரு கையின் கீழ் இருந்தது. அவர் அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது என்று தெரிந்தது. மேசையைப் பார்த்தாள். அதுவும் முடியவில்லை. மறுபடி அவரையே பார்த்தாள்.

"ஐயா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க ஆடின பந்தை யாரும் எண்ணி வைக்கல. அந்த இடம் காலியா இருந்துச்சு. மேல் வரில அடிதடியோட நம்பர் இருந்துச்சு. அதை இழுத்துக் கீழ போட்டுட்டோம். அந்த ஆறெல்லாம் நீங்க அடிச்சது இல்லைங்கய்யா."